மூன்றாம் வீட்டில் தங்கிய வெயில்

நீலகிரி மலையில், வெள்ளிச்சோலை எஸ்டேட்டில், ஐந்தாம் நம்பர் லைனில், மூன்றாவது வீட்டுக்குள் ஒரு மத்தியானம் கண்ணாடி ஓடு வழியாக இறங்கிய வெயில் சாயங்காலமாகியும் திரும்பிப் போகவில்லை. மார்கழி பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குள்ளேயே உறைபனி விழ ஆரம்பித்து, விடிகாலையில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்து, தேயிலைக் கொழுந்து கருகி, குழாய்த் தண்ணீர் குழாய்க்குள்ளேயே கட்டிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட வராமல் போயிருந்தது. அந்த ஊருக்கு வெயில் பதினோரு மணிக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்பிவிடுகிற அவசரக்கார விருந்தாளி, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்காது. அப்பேர்ப்பட்ட வெயில் ஒரு வீட்டில் தங்கியதென்றால் யாராவது அதை இருக்கச் சொல்லியிருக்க வேண்டும், சொன்னவள் யோகராணி.

யோகராணி கொழுந்து எடுக்கிறவள். அவளுக்கு ஏழரை மாதத்திலேயே பெண் பிறந்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்திரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றேமுக்கால் கிலோ ஆனதும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது ஸ்டெல்லா என்கிற நர்ஸம்மா அவளை உட்காரவைத்து, பிள்ளையை அவள் நெஞ்சோடு நெஞ்சாகச் சேர்த்துத் துணியால் கட்டிக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "இனிமே நீதான் பெட்டி. தொப்பி, சாக்ஸ் கழட்டாத. முகத்தை மூடாத. ரூம சாத்திக்கிட்டு உள்ள நெருப்பு வைக்கவே வைக்காத. மணிக்கொரு தரம் பாதத்தைத் தொட்டுப் பாரு. பாதம் சூடா இருந்தா பிள்ளை நல்லா இருக்குன்னு அர்த்தம். சில்லுன்னு இருந்தா, பால் குடிக்காம துவண்டா, யோசிக்காத, தூக்கிக்கிட்டு ஓடி வா."

நெருப்பு விஷயத்தை யோகராணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இப்படியொரு பனிக்காலத்தில் அவளுடைய அக்காவும் அக்கா புருஷனும் கரிச்சட்டியில் நெருப்பள்ளி வைத்து, குளிர் உள்ளே வரக்கூடாதென்று கதவிடுக்கில் எல்லாம் துணியைத் திணித்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் கதவை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது, இரண்டு பேரும் நன்றாகத் தூங்குகிற மாதிரியே கிடந்தார்கள். அன்றிலிருந்து யோகராணி மூடிய அறைக்குள் ஒரு கங்கு நெருப்பைக்கூட விடுகிறதில்லை. பிள்ளை வந்தபிறகும் விடவில்லை. "பச்ச உடம்பு, சின்னப் பிள்ளை, ஒரு சட்டி கரி வெச்சா என்ன, பிடிவாதக்காரி" என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

லைன் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீடு தள்ளி 'நூறு' என்று பதில் வரும். அதனால் யார் எது பேசினாலும் யோகராணி காதில் விழும். விழுந்ததை அவள் காதோடு விட்டுவிட்டு, பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள், உட்கார்ந்தபடியே விழித்தாள், மணிக்கொரு தரம் பாதத்தைத் தொட்டாள். பாதம் அவளுடைய கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதற்குப் பெயரும் இல்லை. தங்குகிற பிள்ளைதானா என்று தெரியாமல் பெயர்வைக்க யாருக்கும் நாக்கு எழவில்லை, பாப்பா என்று சொல்லிவந்தார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணாடி ஓடு வழியாக ஒரு முறம் அகலத்துக்கு வெயில் விழுந்தது. யோகராணி அதில் போய் உட்கார்ந்தாள். வெயில் நகர நகர அவளும் நகர்ந்தாள். நாலு மணிக்கு அது வழக்கம்போல் சுவரில் ஏறக் கிளம்பியது. கையைப் பிள்ளையின் பாதத்தில் வைத்திருந்த யோகராணி, வீட்டுக்கு வந்தவர்கள் எழுந்தால் வாய் தன்னால் சொல்லுமே, அதைத்தான் சொன்னாள்: "ஏன் அதுக்குள்ள? இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாமே."

பாவம், வெயிலை அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. சுவரில் ஒரு சாண் ஏறியிருந்தது, மறுபடி கீழே இறங்கி, பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆறு மணிக்கு அவள் புருஷன் தவசிலிங்கம் வந்தான். அவன் நாற்றுமேட்டில் வேலைசெய்கிறவன். தேயிலைத் தண்டைத் துண்டுதுண்டாக நறுக்கிப் பையில் ஊன்றி, வேர் பிடிக்கிறவரைக்கும் பெரணித் தழையால் மூடாக்குப் போட்டுக் காக்கிற வேலை. எஸ்டேட்டில் அவன் கைபட்ட நாற்று செத்ததில்லை என்பார்கள். வந்தவன் இருட்டுக்குள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தான், செருப்பைக் கழற்றினான், வீட்டில் யாரோ படுத்திருந்தால் சுற்றிப் போவோமே, அப்படிச் சுற்றிப் போய்க் கைகால் கழுவினான். "என்ன, போகலையா?" என்றான். "இருக்கச் சொன்னேன்" என்றாள். "சரி, பாய இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்க" என்றான். அன்றைக்கு ராத்திரி பிள்ளையின் பாதம் ஒரு தடவைகூடச் சில்லிடவில்லை.

காலையில் பக்கத்து வீட்டுப் பவளக்கொடி ஒரு பிடி சர்க்கரை கேட்டு வந்தாள். பேச்சில் சுட்டுவிடுவாள், ஆனால் பிரசவத்துக்கு யோகராணியை ஜீப்பில் மடியில் போட்டுக்கொண்டு போனவள் அவள்தான். வெயிலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், வெளியே மூடியிருந்த பனியைப் பார்த்தாள்.

"ராணி, இது நேத்து வெயிலா?"

"ஆமாக்கா. தங்கிருச்சு."

"அப்படியா" என்று சர்க்கரையை வாங்கிக்கொண்டு போனவள், ஐந்து நிமிஷத்தில் மூன்று நாளாகக் காயாத தன் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "ஓரமா விரிச்சுக்கிறேன்டி, பாப்பாவுக்கு இடைஞ்சல் இல்லாம."

அவ்வளவுதான், அன்றைக்கே விஷயம் லைன் முழுக்கப் பரவியது. வியந்தார்களா என்றால், வியந்தார்கள், வந்து பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஒருத்தி கற்பூரம் ஏற்றப் பார்த்தாள், நெருப்பு கூடாது என்று யோகராணி ஊதி அணைத்தாள். ஆனால் வியப்பை வைத்துக்கொண்டு அந்தப் பனியில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? மறுநாளிலிருந்து அவரவர் காரியத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். உறைந்த எண்ணெய் பாட்டில்கள் வெயிலின் ஓரத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. காயாத சாக்ஸ் வந்தது, நமுத்த தீப்பெட்டி வந்தது, மிளகாய் வந்தது, யூனிஃபார்ம் பாவாடை வந்தது. கடைசியாக மாவுப் பானை வந்தது. பனிக்காலத்தில் அந்த லைனில் மாவு புளித்ததே கிடையாது, கார்த்திகையில் அரைத்த மாவு தையில் பொங்கும் என்று கேலி பேசுவார்கள். யோகராணி வீட்டு வெயிலில் ஒரு ராத்திரி வைத்த மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. நாற்றுமேட்டுக் கங்காணி பொன்னையா ஒரே காலையில் ஏழு தோசை தின்றுவிட்டு, பிறந்ததிலிருந்து இப்படி மெத்தென்று தின்றதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வருகிறவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. ஒருத்தி விறகு கொண்டுவந்தாள், ஒருத்தி யோகராணிக்குப் பூண்டுக் குழம்பு கொண்டுவந்தாள், ஒருத்தி குருவித் தலைக்குப் போடுகிற அளவில் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தாள். நல்ல சனங்கள், அதில் சந்தேகமே இல்லை. தினமும் மத்தியானம் புது வெயில் இறங்கிவரும், தங்கியிருந்த வெயிலோடு நாலு மணிவரை கூடியிருக்கும், தன்னிடமிருந்து அதற்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் கிளம்பும். அதுதான் அதற்குச் சாப்பாடு. ஆனால் சாப்பிடுவது ஒரு வேளை, வாங்கிக்கொண்டு போவது பன்னிரண்டு வீடு. மார்கழி பாதி போவதற்குள் முறம் அளவு இருந்த வெயில் தாம்பாளம் அளவுக்கு வந்தது. பிறகு சோற்றுத் தட்டு அளவுக்கு வந்தது. ஒரு சாயங்காலம் யோகராணி பாதத்தைத் தொட்டபோது விரல்நுனி மட்டும் லேசாகச் சில்லென்றிருந்தது.

அப்போது பார்த்துப் பவளக்கொடி மாவுப் பானையோடு உள்ளே வந்தாள், பின்னாலேயே இன்னும் நாலு பேர் வந்தார்கள். யோகராணிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க!" என்று கத்தினாள். "உங்க தோசைக்கும் துணிக்கும் எம்பிள்ளை உசுரா கெடச்சுது? போங்க!"

வீட்டுக்கு வந்தவர்களிடம் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வார்கள். வெறும் 'போங்க' என்பது அந்த லைன் கட்டின நாளிலிருந்து யாரும் யாருக்கும் சொல்லாத சொல், சண்டையில் மண்டை உடைந்த அன்றைக்குக்கூடச் சொல்லவில்லை. பெண்கள் பாட்டில்களையும் பானைகளையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பவளக்கொடி மட்டும் வாசலில் நின்று, கீழே அந்தத் தட்டளவு வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாங்க கவனிக்கலடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி லைன் முழுக்க ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. செய்த தப்புக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். பொன்னையாதான் வழி சொன்னார்.

"பாப்பா யாரு? வேர் பிடிக்காத நாத்து. வேர் பிடிக்காத நாத்துக்கு என்ன செய்வோம்?"

"மூடாக்குப் போடுவோம்" என்றார்கள்.

"பகல்ல எடுப்போமா?"

"வேர் பிடிக்கிற வரைக்கும் எடுக்க மாட்டோம்."

"என்னப்பா தவசி, நீ சொல்லு."

பத்தாயிரம் நாற்றைக் காப்பாற்றிய தவசிலிங்கம் யோசித்துப் பார்த்து, சரிதான் என்றான். பொண்டாட்டி ஊரைத் திட்டிவிட்டாளே என்ற கூச்சம் வேறு அவனுக்கு. விடிவதற்குள் பன்னிரண்டு ஆண்களும் ஓடைக்கரையில் பெரணி அறுத்துச் சுமந்துவந்து, மூன்றாவது வீட்டுக் கூரைமேல் ஒரு முழக் கனத்துக்கு, காற்றுக்குப் பறக்காமல் கயிறுபோட்டு இறுக்கி, நாற்றுமேட்டில்கூட இத்தனை அழகாகப் போட்டதில்லை என்னும்படி மூடாக்குப் போட்டார்கள். கண்ணாடி ஓட்டின்மேல் இரட்டை அடுக்காகப் போட்டார்கள், அதுதானே மெல்லிசு என்று. கூரையில் சரசரவென்று கேட்ட சத்தத்தை யோகராணி குரங்கு என்று நினைத்துக்கொண்டு கண்ணயர்ந்தாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க வீடு இருட்டாக இருந்தது. வெளியே மூடுபனிபோல என்று யோகராணி நினைத்தாள். குளிருக்குப் பயந்து கதவைத் திறக்கவில்லை, தெரிந்துகொள்ள வழியுமில்லை. பதினொன்றுக்கு வெயில் வரவில்லை, பன்னிரண்டுக்கு வரவில்லை, இரண்டுக்கு வரவில்லை. தங்கியிருந்த வெயில் பட்டினி கிடந்தது. தட்டளவு இருந்தது உள்ளங்கையளவாகி, சாயங்காலம் தீப்பெட்டியளவாகி, வேலை முடிந்து ஓடிவந்த தவசிலிங்கம் கதவைத் திறந்தபோது வெளுத்துப்போய் ஒரு நெற்றிப் பொட்டளவுக்குப் பாயோரத்தில் கிடந்தது. அன்றைக்குத்தான் அந்த வருஷத்தின் பெரிய பனி. வாளித் தண்ணீர் ராத்திரி எட்டு மணிக்கே மேலே பனி ஓடு கட்டிவிட்டது.

யோகராணி பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மார்பில் வாயை வைத்துப் பார்த்தாள், பிள்ளை சப்பவில்லை. "ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பன்னிரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது. டவுனுக்கு ஜீப் சொல்ல ஒருவன் ஃபாக்டரிக்கு ஓடினான். ஜீப் டவுனுக்குப் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரமாகும் என்று திரும்பி வந்தான். அந்த ஒரு மணி நேரம்தான் இப்போது பிள்ளையின் உயிர்.

முதலில் உள்ளே வந்தவள் பவளக்கொடி. கையில் கனன்று சிவந்த கரிச்சட்டி. "இந்தத் தடவ எம்பேச்சக் கேளுடி. கதவச் சாத்து."

"வேணாங்க்கா." யோகராணி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "எங்கக்கா அப்படித்தான் தூங்குனா. கதவத் தெறந்தா குளிர்ல போகும், சாத்துனா பொகையில போகும். வேணாம்."

பவளக்கொடி சட்டியை வெளியே பனியில் வீசினாள், அது புஸ்ஸென்று அணைந்தது. கைகள் காலியாகி, என்ன செய்வதென்று தெரியாமல், போட்டிருந்த ஸ்வெட்டரையே கழற்றி அந்தப் பொட்டு வெளிச்சத்தின்மேல் உதறினாள். மூன்று வாரம் அந்த வெயிலில் காய்ந்த ஸ்வெட்டர். உதறியதும் அதிலிருந்து மஞ்சளாகக் கொஞ்சம் உதிர்ந்தது. பொட்டு ஒரு ரூபாய் வட்டம் ஆனது.

"அடியேய், எடுத்தது நம்மகிட்டயேதான் இருக்கு!" என்று வாசலுக்கு ஓடி, லைனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கக் கத்தினாள். "எடுத்ததெல்லாம் கொண்டாங்க!"

கொண்டுவந்தார்கள். ஸ்வெட்டர் கொண்டுவந்து உதறினார்கள், சாக்ஸைத் திருப்பிப்போட்டுத் தட்டினார்கள், யூனிஃபார்ம் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டார்கள், எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தார்கள், எண்ணெய்க்கு முன்னால் வெளிச்சம் வழிந்தது, மிளகாயைக் கொட்டினார்கள், நெடியில் எல்லோரும் இருமிக்கொண்டே கொட்டியதை வாரி வெளியே போட்டார்கள், சிவப்பாக ஒரு கைப்பிடி வெளிச்சம் மட்டும் தரையில் நின்றது. தீப்பெட்டிக்காரி தீப்பெட்டியைத் திறந்து குச்சிகளை எடுத்துக்கொண்டு, உள்ளே ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் போட்டாள். ரூபாய் வட்டம் தட்டானது, தட்டு தாம்பாளமானது. அதற்குள் உட்கார்ந்து யோகராணி பிள்ளையை வெற்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், அவள் முதுகோடு முதுகாகத் தவசிலிங்கம் உட்கார்ந்திருந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

கடைசியில் பொன்னையா கங்காணி வந்து வாசலில் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. அறுபது ஆளை அதட்டி வேலைவாங்குகிற மனுஷன், திருட்டுப் பூனைமாதிரித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"நான் தின்னுல்ல போட்டேன் தாயி. எப்படித் திருப்பித் தர்றது?"

"உள்ள வாங்க மாமா" என்றாள் யோகராணி.

அவர் வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்து, பிள்ளையின் இரண்டு பாதத்தையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். தின்ற தோசையெல்லாம் திரும்பி வந்த மாதிரி அவர் விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்தது. அதைப் பார்த்ததும் தோசை தின்ற எல்லோரும், அதாவது லைன் முழுக்கவும், நெருக்கியடித்துக்கொண்டு சுற்றிலும் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். தாம்பாளம் முறமானது, முறம் பாயானது, பாய் சுவரிலிருந்து சுவர்வரை விரிந்தது. ஓட்டுக்கு வெளியே மலை முழுவதும் உறைந்துகிடக்க, மூன்றாம் வீட்டுக்குள் முப்பத்தெட்டுப் பேருக்கு வியர்த்தது. ஜீப் வந்து ஹாரன் அடித்தபோது பிள்ளை சப்பென்று ஒரு சத்தத்தோடு பால் குடிக்க ஆரம்பித்திருந்தது.

ஆனாலும் யோகராணி ஆஸ்பத்திரிக்குப் போனாள், சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை அவள். ஸ்டெல்லா நர்ஸம்மா பார்த்துவிட்டு, பாதத்தைத் தொட்டுவிட்டு, "யாரும்மா இவ்வளவு நல்லா சூடுபடுத்திக் கொண்டாந்தது?" என்று கேட்டாள். "எங்க லைனுங்க" என்றாள் யோகராணி. மறுநாள் அவள் திரும்பி வருவதற்குள் தவசிலிங்கம் தனியாளாகக் கூரையேறி, விரலெல்லாம் மரத்துப்போக, உறைந்த பெரணியைக் கடைசித் தழைவரை பிய்த்தெறிந்து, கண்ணாடி ஓட்டைத் தன் சட்டையால் துடைத்துவைத்திருந்தான். பதினோரு மணிக்கு வெயில் இறங்கி வந்தது. அதற்கப்புறம் அந்த லைனில் யாரும் காயாத துணியோடு அந்தப் பக்கம் போகவில்லை. சாயங்காலத்தில் வேலைவிட்டு வருகிறவர்கள் ஒரு நிமிஷம் உள்ளே எட்டி, கையைத் தேய்த்துச் சூடாக்கி, வெயிலின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். கல்நெஞ்சமாகத் தை முழுக்கப் பனி பெய்தது, மாசி முழுக்கப் பெய்தது, ஒரு நாளும் பாதம் சில்லிடவில்லை.

பங்குனி பிறந்தது. பாப்பா மூன்றரைக் கிலோ ஆகிவிட்டாள். இனி பெயர்வைக்கலாம் என்று எல்லோருக்கும் தைரியம் வந்தது. வெயிலின் பெயரையே வைத்துவிடலாம் என்று தவசிலிங்கம் சொன்னான். "ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரு பேரா? கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பா?" என்று கேட்டுவிட்டு, யோகராணி பிள்ளைக்கு ஸ்டெல்லாராணி என்று பெயர் வைத்தாள். பொன்னையா தன் வீட்டு அடுப்பில் லைனுக்கே தோசை சுட்டார். மாவு புளிக்காமல் தட்டையாகத்தான் வந்தது, ஒருவரும் குறைசொல்லாமல் தின்றார்கள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் பாயோரத்தில் நிலைகொள்ளாமல் இருந்ததை யோகராணி கவனித்தாள். சுவர்வரை போகும், திரும்பி வரும். மூன்று மாசத்துக்கு மேலாக ஒரு வீட்டிலேயே கிடக்கிறது, அதற்கும் எத்தனை ஊர், எத்தனை வேலை. தானாகக் கிளம்பச் சங்கடப்படுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, கண் நிறைய அதைப் பார்த்தாள். போகச் சொல்ல மனசே இல்லை. அன்றைக்கு வாய்தவறி ஊரிடம் சொன்ன அந்த வெறும் சொல் ஞாபகம் வந்தது.

"போயிட்டு வா" என்றாள்.

வெயில் சுவரில் ஏறி, கண்ணாடி ஓட்டில் ஒரு நிமிஷம் நின்று, போனது. மூன்று மாசத்தில் முதல் தடவையாக வீடு இருட்டியது. இருட்டில் யோகராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைக் கம்பளிக்குள் விட்டுப் பாதத்தைத் தேடினாள்.

அப்போது துணி துவைத்துவிட்டு, கை விறைத்து நீலம்பாரித்து, பல் கிட்ட, பவளக்கொடி உள்ளே வந்தாள். "என்னடி, வெயிலு போயிருச்சா? ஐயையோ, கை வெறைக்குதே, இனிமே நான் எங்கடி போவேன்?"

யோகராணி அவள் கையைப் பிடித்து இழுத்து, கம்பளிக்குள் விட்டு, பிள்ளையின் பாதத்தின்மேல் வைத்தாள்.

பவளக்கொடி இன்னொரு கையையும் உள்ளே விட்டாள்.